நான்காம் எண் பார்த்த முட்டைகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை ஜீப்பில் வந்த உறையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தது. நிலையப் பொறுப்பாளர் அதை எல்லார் முன்னாலும் பிரித்துச் சத்தமாகப் படித்தார். 'வாசிப்பாளர் எண் 4 பதிவு செய்துள்ள கொக்கிப்புழு முட்டைகளின் எண்ணிக்கை நம்பத்தக்கதாக இல்லை. மாத இறுதியில் அனுப்பப்படும் அறிக்கையில் அவரது ஸ்லைடுகள் சேர்க்கப்பட மாட்டா.' அவ்வளவுதான் வாசகம். கீழே அழகாக உங்கள் கையெழுத்து.

இங்கே மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புழு முட்டை எண்ணுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவர் எண்ணியது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதால் அவரவர் தாளை உறையில் போட்டு ஒட்டி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். யாருக்கு எந்த எண் என்பதுகூட ரகசியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் படித்து முடித்ததும் நேராக என் முகத்தைப் பார்த்தார். மற்ற மூவரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்று வருடம் அண்ணி. நாலாயிரத்துச் சொச்சம் ஸ்லைடு. ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டப்பாவில் கொண்டுவந்து கொடுக்கிற மலத்தை முகம் சுளிக்காமல் வாங்கியிருக்கிறேன். கல்யாணம் விசாரிக்க வந்தவர்கள், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டபோது நீங்கள்தானே, "ஆராய்ச்சி" என்று ஒரே வார்த்தையில் பெருமையாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினீர்கள்? அந்த ஆராய்ச்சியைத்தான் இப்போது குப்பையில் போடுகிறீர்கள்.

எண் 4 நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தெரியும் என்றால், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

போன் செய்ய வேண்டாம். சிக்னலுக்கு மேட்டு ரோடு வரை ஏற வேண்டும். ஏறினால் மூச்சு வாங்கும், நான் அழுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

வாசிப்பாளர் எண் 4


மார்ச் 9

முட்டைக்கண்ணி,

உன் அண்ணன் உனக்குச் சின்ன வயதில் வைத்த பெயரை நான் எழுதினால் கோபம் இரட்டிப்பாகும் என்று தெரியும். இருந்தாலும் வேறு எப்படி ஆரம்பித்தாலும் அலுவலகக் கடிதம் போலவே வருகிறது. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

தெரியும். எண் 4 நீதான் என்று முதல் மாதமே தெரியும். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிற பழக்கம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான். தெரிந்த நாளிலிருந்து உன் தாளை மற்றவர்கள் தாளைவிடக் கடுமையாகப் பார்த்தேன். நாத்தனார் என்பதால் விட்டுவிட்டாள் என்று ஒருத்தரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் கேட்காததற்கும் அதுதான் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்று சொல்கிறேன்.

இப்போது என் பக்கத்தையும் கேள். மற்ற மூவரின் ஸ்லைடுகளில் நூறு பிள்ளைகளுக்கு இரண்டு பேரிடம் கொக்கிப்புழு இருக்கிறது. உன் ஸ்லைடுகளில் பத்தொன்பது பேரிடம். அதே பள்ளிக்கூடங்கள், அதே வகுப்புகள், யாருடைய டப்பா யாருக்கு என்று நாங்கள் குலுக்கிப்போட்டுத்தான் பிரிக்கிறோம். இதோடு போனால்கூடப் பரவாயில்லை. நீ பார்த்த ஸ்லைடுகளில் பத்தில் ஒன்றை இங்கே வரவழைத்து மறுநாள் இன்னொருவர் பார்க்கிறார். நீ முப்பத்து நான்கு என்று எழுதிய ஸ்லைடில் அவருக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு தடவை இல்லை, அறுபது தடவை.

கூட்டத்தில் இயக்குநர் சொன்னதை மறைக்க மாட்டேன். "புழு இல்லேன்னா அங்க வேலை இல்லம்மா. அதனால எழுதுறாங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மாத இறுதியில் அறிக்கை போனால், நீங்கள் பார்க்கிற பதினோரு ஊர்களிலும் கொக்கிப்புழு ஒழிந்தது, இனிப் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை தேவையில்லை என்று ஆகும். உன்னைச் சேர்த்தால் மாத்திரையை நிறுத்த முடியாது. எனவே எல்லாம் உன் ஒருத்தி கண்ணில் வந்து நிற்கிறது.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. உருளைப்புழு, சாட்டைப்புழு இரண்டிலும் நீ எழுதியதும் மறுபார்வையில் வந்ததும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. மற்ற மூவரைவிட உனக்குத்தான் தவறு குறைவு. பொய் எழுதுகிறவள் ஒரு புழுவுக்கு மட்டும் ஏன் பொய் எழுத வேண்டும்?

கொக்கிப்புழு முட்டை என்று நீ எதை எண்ணுகிறாய்? காற்றுக் குமிழியா, மகரந்தத் தூளா? உன் ஒரு நாளை அப்படியே எழுது, ஒன்றையும் விடாதே. உன் அண்ணன் நம் இருவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு பேசவே பயப்படுகிறார். நேற்றுச் சோற்றில் இரண்டு முறை உப்புப் போட்டார்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

காற்றுக் குமிழியா? உங்களைத் தவிர வேறு யாராவது கேட்டிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

காற்றுக் குமிழிக்கு விளிம்பு கறுப்பாகத் தடித்திருக்கும், உள்ளே வெறுமை. கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிய கோடு. நீள்வட்டம். உள்ளே சாம்பல் நிறத்தில் நாலு, சில சமயம் எட்டு உருண்டைகள், கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சையைப் போட்டு வைத்ததுபோல் ஒட்டாமல் நடுவில் கிடக்கும். உருளைப்புழு முட்டை பழுப்பாக, சொரசொரப்பாக, "இதோ இருக்கிறேன்" என்று கத்தும். சாட்டைப்புழுவுடையது இரண்டு முனையிலும் மூடிபோட்ட சின்னப் பீப்பாய். இந்தக் கொக்கிப்புழு மட்டும் கூச்சக்காரி. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதைதான் வருகிறது. வெறுங்காலில் நுழைந்து, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடித்து, பிள்ளையை வகுப்பில் தூங்கவைத்து, "படிப்பில் மந்தம்" என்று வாத்தியாரிடம் பெயர் வாங்கிக் கொடுக்கிறாள். இத்தனையும் செய்துவிட்டுத் தடயம் என்று விடுவது அந்த மெல்லிய கோடு ஒன்றைத்தான்.

என் நாளைக் கேட்டீர்கள். பள்ளிகளில் சேகரிக்கிற நாட்களில் எட்டரைக்கு டப்பாக்கள் வரும். ஆளுக்கு நாற்பது. சின்ன வலையில் தேய்த்து, கண்ணாடித் துண்டின்மேல் துளையிட்ட அட்டையில் நிரப்பி, அட்டையை எடுத்துவிட்டு, மேலே கிளிசரினில் ஊறிய பச்சைக் கண்ணாடித்தாளை ஒட்டி, கவிழ்த்து அழுத்தினால் ஒரு ஸ்லைடு. மற்ற மூவரும் நாற்பதையும் வரிசையாகப் போட்டு முடித்துவிட்டு, கை கழுவி, பன்னிரண்டரைக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் உட்காருவார்கள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே அதுதான் முறை. என்னால் முடியாது. நாற்பது ஸ்லைடு எனக்காக வரிசையில் காத்திருந்தால் கை கால் பதறுகிறது. ஒன்று போட்டால் ஒன்று பார்த்துவிட வேண்டும். அதனால் மூன்று மணிக்கு ஆறிப்போன சோறு. இங்கே எனக்குப் 'பட்டினி' என்று பெயர். "பட்டினி வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். பெரிய அறிவாளி, எங்களோடு உட்கார மாட்டாள் என்று ஒரு பேச்சும் உண்டு.

இதுதான் என் நாள். இதில் பொய் எழுத நேரம் எங்கே இருக்கிறது?

அந்தக் கூட்டத்தில் நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்று நீங்களே எழுதியதை நான்கு முறை படித்தேன். மறைக்காமல் எழுதியது பிடித்திருந்தது. வாயைத் திறக்காதது பிடிக்கவில்லை.

எண் 4


மார்ச் 18

என் கண்ணே,

உட்கார்ந்து படி.

உன் கடிதத்தில் சாப்பாட்டுப் புராணம் வந்தபோது சிரித்தேன். உன் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப மத்தவங்க ஸ்லைடு அவ்வளவு நேரம் சும்மாவா கிடக்கும்? ஒண்ணும் ஆகாதா?" மைக்ரோஸ்கோப்பைக் கண்ணால் பார்த்திராத மனிதர். எனக்குச் சுரீரென்றது.

மறுநாள் அலுவலகம் போனதும் செய்முறைப் புத்தகத்தை எடுத்தேன். அது என் அலமாரியிலேயே மூன்று வருடமாக இருக்கிறது. நான் எண்களைப் பார்க்கிறவள், மலத்தைப் பற்றி எனக்கென்ன என்று அட்டையைத் தாண்டியதில்லை. பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. கிளிசரின் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் தெளியவைக்கும், அதனால்தான் முட்டைகள் தெரிகின்றன. ஆனால் கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது, அதையும் சேர்த்துத் தெளியவைத்துவிடும். வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் முட்டை இருந்த இடமே தெரியாது. மற்ற இரண்டும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

புரிகிறதா? நீ பதறிப் பதறிப் பார்த்தாய், அதனால் பார்த்தாய். மற்றவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து மறைந்துபோனதைத் தேடினார்கள். நூற்றுக்கு இரண்டு கிடைத்ததே அதிசயம், கடைசியாகப் போட்ட ஸ்லைடுகளாக இருக்கும். இங்கே மறுநாள் பார்த்தவரின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இன்னும் முடியவில்லை. இந்த ஆய்வு முதல் வருடம் மற்ற இரண்டு புழுக்களுக்கு மட்டும்தான் நடந்தது. அதற்குச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிற முறையே போதும். இரண்டாம் வருடம் கொக்கிப்புழுவைச் சேர்த்தார்கள். புதுத்தாள் அச்சடிக்க வேண்டியிருந்தது. உங்கள் பழைய பொறுப்பாளர் ஒரு மாதிரித்தாள் எழுதி அனுப்பியிருந்தார். அதை இன்று கோப்பிலிருந்து தேடி எடுத்தேன். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: 'ஸ்லைடு போட்ட நேரம்', 'பார்த்த நேரம்'. இரண்டின் மேலும் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் 'தேவையில்லை'. அது என் கையெழுத்து. தாள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்பதற்காக அடித்தேன். அந்தக் கட்டங்கள் இருந்திருந்தால் முதல் மாதமே எனக்குத் தெரிந்திருக்கும்.

என் தப்புக்கு உன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

புத்தகத்தைக் காட்டினால் மட்டும் இயக்குநர் நம்ப மாட்டார். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு சோதனை செய்யுங்கள். மற்ற மூவருக்கும் 'கொக்கிப்புழு இல்லை' என்று வந்த ஊர் ஒன்றிலிருந்து இருபது டப்பா. ஒவ்வொரு ஸ்லைடையும் போட்ட கால் மணிக்குள் எண்ணுங்கள். பிறகு அதே ஸ்லைடை, அதே கண்ணால், இரண்டு மணி நேரம் கழித்து எண்ணுங்கள். நேரத்தை எழுதுங்கள். பொறுப்பாளருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். 31ஆம் தேதிக்கு முன்னால் எனக்கு வந்தாக வேண்டும்.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

எண்கள் உறையில் தனியாக இருக்கின்றன. முதலில் அதைப் பாருங்கள். காலையில் இருபது பிள்ளைகளில் ஏழு பேரிடம் கொக்கிப்புழு. மதியம் அதே இருபது ஸ்லைடில் ஒருவரிடமும் இல்லை.

நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். மூன்று பேர் மூக்கும் உடையப்போகிறது என்று குதித்தேன். சோதனை அன்று அந்தச் சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

எங்களில் மூத்தவரை உங்களுக்குத் தெரியாது. பதினான்கு வருடமாக இதே வேலை. மைக்ரோஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் லென்ஸை மூன்று முறை துடைப்பார். அவர் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. காலையில் ஒரு ஸ்லைடில் முப்பத்தொரு கொக்கிப்புழு முட்டை எண்ணினார். எண்ணும்போதே முகம் மாறிவிட்டது, அவ்வளவு அதிகமாக அவர் இதுவரை பார்த்ததே இல்லை. மதியம் அதே ஸ்லைடை வைத்தார். உருளைப்புழு காலையில் ஐந்து, இப்போதும் ஐந்து, அதே இடத்தில். கொக்கிப்புழு ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்கதானே இருந்துச்சு," என்றார். "இங்கதானே எண்ணினேன்."

அவர் எழுந்து என் மேஜைக்கு வந்தார். "நீ தினமும் ஆறிப்போன சோத்தத் தின்னப்ப நாங்க சிரிச்சோம்மா," என்றார். "நான் ஒண்ணும் தெரிஞ்சு பண்ணலண்ணே, எனக்குப் பொறுமை கெடயாது, அவ்வளவுதான்," என்றேன். அது உண்மைதானே.

பிறகு அவர் பொறுப்பாளர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. "நான் ரெண்டு வருஷமா எழுதின கொக்கிப்புழுக் கணக்க மொத்தமா அடிச்சிடுங்க சார். ஒண்ணுகூட நிக்காது. 'இல்லை'னு எழுதின பிள்ளைங்க பட்டியல் எனக்கு வேணும்," என்றார். இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அறையை விட்டு வந்தபோது நான் எழுந்து நின்றேன். மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள்.

இனி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பென்சில் கோட்டை நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம். நான் எங்கே போய்க் கோப்பைப் பார்க்கப்போகிறேன்? எழுதினீர்களே, அதற்காக உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நீங்கள் கூட்டத்தில் என்ன பேசுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

பட்டினி


ஏப்ரல் 2

கண்ணே,

பேசினேன்.

அறிக்கை கையெழுத்துக்குத் தயாராக மேஜையில் இருந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் உங்கள் இருபது ஸ்லைடின் எண்களை அதன் மேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "நாத்தனாருக்காகப் பேசுறீங்களாம்மா?" என்றார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அறை. மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். கேட்டவுடன் பயம் போய்விட்டது.

"ஆமா சார். போன மாசமே பேசியிருக்கணும்," என்றேன்.

பிறகு பதினெட்டாம் பக்கத்தைப் படித்தேன். பழைய மாதிரித்தாளை எல்லாரும் பார்க்கும்படி நீட்டி, இந்தக் கோடு போட்டது நான்தான் என்றேன். ஒருவர், "இத இப்பச் சொல்லணுமா? மூணு வருஷ வேலை," என்று முனகினார். அவருக்குக் கோபம் இல்லை, களைப்பு. எனக்கும் அதே களைப்புதான். ஆனால் அந்த மூத்தவரின் வார்த்தைகளை உன் கடிதத்திலிருந்து அப்படியே வாசித்தேன். அதற்குப் பிறகு அறையில் யாராலும் கையெழுத்துப் போடச் சொல்ல முடியவில்லை.

அறிக்கை நின்றுவிட்டது. மாத்திரை தொடரும். முதல் மூன்று வாசிப்பாளர்களின் கொக்கிப்புழுக் கட்டங்கள் அனைத்தும் அடிக்கப்பட்டன. நானே உட்கார்ந்து அடித்தேன், ஒரு நாள் முழுக்க ஆனது. அடித்து முடித்தபோது மிஞ்சியது உன் தாள்கள் மட்டும். இத்தனை பேர், இத்தனை வண்டி, இத்தனை டப்பா, இரண்டு வருடம். கொக்கிப்புழுவைப் பற்றி இந்த ஆய்வுக்குத் தெரிந்ததெல்லாம் நீ ஒருத்தி பார்த்தது மட்டும்தான்.

பகுப்பாய்வுப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அண்ணன் ஆறுதல் சொல்லத் தெரியாமல் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினார், கழுவியிருந்ததையும் சேர்த்து.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இதை நேரில் சொன்னால் நீ கிண்டல் செய்து கெடுத்துவிடுவாய், அதனால் எழுத்தில் வைக்கிறேன். உன் கண்ணை நான் நம்பியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணி,

மீதிப் பாதியும் போய்விட்டது. மன்னிப்பெல்லாம் எப்போதோ ஆயிற்று. பதில் எழுதத்தான் இத்தனை நாள் கை ஒழியவில்லை. உங்கள் கடிதத்தை மூத்தவரிடம் காட்டினேன். "உங்க அண்ணி பெரிய மனுஷிம்மா," என்றார். எனக்கு அது முன்னமே தெரியும், நடுவில் ஒரு மாதம் மறந்திருந்தேன்.

இப்போது நாலு பேரும் ஒன்று போட்டு ஒன்று பார்க்கிறோம், நாலு பேருமே மூன்று மணிக்குத்தான் சாப்பிடுகிறோம். 'இல்லை' என்று எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம். இரண்டாயிரத்து முந்நூறு பெயர். மாத்திரை பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும்தான் கொடுக்கிறார்கள். இந்த வருடம் அதை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதில் பாதி ஊர்களில் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். அதனால் நாங்களே கொண்டுபோகிறோம்.

நேற்று ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு அப்பா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கட்டட வேலை, கைலியில் சிமென்ட் காயாமல் இருந்தது. மகளுக்குப் பத்து வயது இருக்கும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. படி ஏறி வந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக எடுத்த ஸ்லைடில் நூற்றுப் பன்னிரண்டு முட்டை. பழைய பட்டியலில் இரண்டு முறையும் 'இல்லை' என்றிருந்தது.

"ரெண்டு தடவை வந்து டப்பா வாங்கிட்டுப் போனீங்க," என்றார் அப்பா. "ரெண்டு தடவையும் ஒண்ணும் இல்லைன்னீங்க. இவ சும்மா சோம்பேறித்தனம் பண்றான்னு நான் அடிச்சிருக்கேன்."

கிளிசரின், அரை மணி நேரம், மெல்லிய ஓடு என்று எதை எடுத்தாலும் சாக்குச் சொல்வதுபோல் இருந்திருக்கும். மூத்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வராந்தாவில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ ஸ்லைட ரெண்டு தடவையும் பாத்தது நான்தாங்க," என்றார். "புழு இருந்துச்சு. பாக்க வேண்டிய நேரத்துல நான் பாக்கல. தப்பு என்னோடது. உங்க பொண்ணோடது இல்ல."

அந்த அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கை ஓங்குவாரோ என்றுகூட நினைத்தேன். அவர் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவள் தோளில் கை வைத்து எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"சரி," என்றார். "மாத்திரையக் குடுங்க."

கொடுத்தோம் அண்ணி. தண்ணீர் டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார்.

உங்கள் நாத்தனார்